பேசாதிருக்கத் தீர்மானித்தோம்

ஒதுக்கி வைக்கப்பட்ட ஏதோ ஒரு நாடு அணுகுண்டு வைத்திருக்கிறதாம், மற்ற நாடுகள் அதை என்ன செய்வது என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். அந்த நாட்டோடு யாரும் பேசவே கூடாது, கொடுக்கல் வாங்கலை நிறுத்து, பட்டினி போட்டால் தானாக வழிக்கு வரும் என்று காப்பி ஆற்றிக்கொண்டே சொல்லிவிடுகிறார்கள். கதவை அடைத்தால் உள்ளே இருப்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்று இவர்களுக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரியும். அடைத்த கூட்டத்தில் நானும் ஒருத்தியாக இருந்தேன்.

சீனா முதல் அணுகுண்டை வெடித்துப் பார்த்த வருஷம், அறுபத்து நாலில், எனக்கு இருபத்து மூன்று வயது. நார்த்தாமலைக்கு இரண்டு மைல் கிழக்கே ஒரு கிராமத்தில், பஞ்சாயத்து யூனியன் ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். அப்பா இல்லை. அம்மாவும் நானும் புதுக்கோட்டையில் வாடகை வீட்டில் இருந்தோம். காலையில் பஸ் ஏறிப் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். நான் வேலை பார்த்த அதே கிராமத்தில்தான் என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தது.

அக்கா வீட்டுக்காரருக்கு, என் மச்சானுக்கு, கிணறுகளுக்கு வெடி வைக்கிற தொழில். எங்கள் பக்கம் இரண்டு ஆள் ஆழம் தோண்டினால் பாறை வந்துவிடும். பாறையில் குழி போட்டு, வெடிமருந்தைக் கெட்டித்து, திரி வைத்துத் தகர்த்தால்தான் தண்ணீர். நார்த்தாமலைக் கல்குவாரி காண்டிராக்டரிடம் மருந்து வாங்கிக்கொண்டு சுற்று வட்டாரம் முழுவதும் போய் வருவார். கைராசிக்காரர் என்று பேர். கூடவே தலைக்கனமும் உண்டு.

அந்தத் தலைக்கனத்தில்தான் தன் சொந்த நிலத்தில், ஊருணிக் கரைக்கு நேர் கீழே, கிணறு வெட்ட ஆரம்பித்தார். ஊருணி என்றால் எங்கள் பக்கம் ஊரே குடிக்கிற தண்ணீர். அதில் யாரும் குளிக்க மாட்டார்கள், மாட்டை இறக்க மாட்டார்கள், செருப்போடு கரை ஏற மாட்டார்கள். ஊர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் வெடி வைத்தார். கரையில் விரிசல் விட்டது. நாலாவது படியில் நின்ற தண்ணீர் அந்தச் சித்திரையில் கடைசிப் படிக்குப் போய்விட்டது. தப்பு அவர் மேல்தான். இதை நான் மறைக்கப் போவதில்லை.

ஊர் கூடி அந்த வீட்டை ஒதுக்கி வைத்தது. யாரும் அவர்களுக்கு நெருப்போ தண்ணீரோ தரக் கூடாது. கடையில் சாமான் கொடுக்கக் கூடாது. முடி வெட்டுகிறவரும் துணி வெளுக்கிறவரும் அந்தப் பக்கம் போகக் கூடாது. நல்லது கெட்டதுக்கு அழைப்பில்லை. முகம் பார்த்துப் பேசக் கூடாது. பேசினால் பேசினவர் வீட்டுக்கும் அதே கதி.

மறுநாள் பஞ்சாயத்து பிரசிடெண்ட் பள்ளிக்கூடத்துக்கே வந்தார்.

"டீச்சர், அது ஒங்க அக்கா வீடுன்னு தெரியும். இருந்தாலும் கட்டுப்பாடுன்னா எல்லாருக்கும் ஒண்ணுதானுங்க. அவுக புள்ள பள்ளிக்கூடத்துக்கு வரட்டும், அத நாங்க தடுக்கல. நீங்க அந்த வீட்டுப் பக்கம் போகாதீங்க. அம்புட்டுத்தான்."

யூனியன் ஆபீசில் அவர் ஒரு வார்த்தை சொன்னால் என்னை மாற்றல் போட்டுப் பஸ் போகாத ஏதாவது ஒரு மூலைக்கு தூக்கி அடித்துவிடுவார்கள். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. சரி என்று தலையை ஆட்டினேன். பஸ் நிறுத்தத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு அக்கா வீட்டு வேலியை ஒட்டித்தான் பாதை. அவள் வாசல் கூட்டிக்கொண்டிருப்பாள். நான் முகம் தெரியாமல் குடையைச் சாய்த்துக்கொண்டு போய்விடுவேன். ஊர்க்கடையில் சாமான் கிடைக்காததால் சனிக்கிழமைதோறும் புதுக்கோட்டைக்கு வருவாள். அம்மா வீட்டில் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் வரை பேசுவோம். திங்கட்கிழமை மறுபடியும் குடை.

ஆடி மாதம் சாமி புறப்பாட்டின்போது சப்பரம் அவர்கள் தெருமுனை வரை வந்து, உள்ளே நுழையாமல் திரும்பியது. அக்கா தாம்பாளத்தில் தேங்காய் பழத்தோடு நின்றுகொண்டிருந்தாள். மச்சான் தெருவுக்கு ஓடி வந்து கத்தினார்.

"வீட்டுல ரெண்டு பெட்டி மருந்து இருக்கு! ஞாபகம் வெச்சுக்கங்க! எம்புட்டு நாளைக்குப் பொறுப்பேன்னு எனக்கே தெரியாது!"

அன்றிலிருந்து ஊரின் நடை மாறிவிட்டது. நாலு மாதமாக அந்த வீட்டைத் திரும்பிப் பார்க்காதவர்கள், இப்போது அதையே பார்த்துக்கொண்டு சுற்றுப் பாதையில் போனார்கள். பள்ளிக்கூடத்தில் அக்கா மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒன்றிரண்டு பிள்ளைகளும் எழுந்து நகர்ந்தன. எனக்கு மச்சான் மேல்தான் ஆத்திரம். அஞ்சு வயதுப் பிள்ளை தூங்குகிற வீட்டில் மருந்துப் பெட்டியை வைத்துக்கொண்டு ஊரை மிரட்டுகிற மனுஷன் என்ன மனுஷன் என்று அம்மாவிடம் கத்தினேன். அக்காவிடம் ஒவ்வொரு சனிக்கிழமையும் சொன்னேன்.

"அந்த எழவ எங்கயாச்சும் கொண்டுபோயித் தொலைக்கச் சொல்லுக்கா."

அவள் ஒரே பதில்தான் சொல்வாள். "அதுனாலதான்த்தா எங்க கூரையில இன்னும் கல்லு விழாம இருக்கு."

ஐப்பசி பிறக்கிற சமயம் பஞ்சாயத்து ரேடியோவில் சீனாவின் குண்டுச் செய்தி வந்தது. ஆபீஸ் மேலே கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயில் சாயங்காலச் செய்தி கேட்க ஊரே கூடும். அன்று செய்தி முடிந்ததும் எல்லோரும் பிரசிடெண்டைப் பார்த்தார்கள். இரண்டு வருஷம் முன்னால் வடக்கே எல்லைச் சண்டையில் போனவன் அவருடைய மூத்த மகன். உடம்புகூட வரவில்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அந்த மனுஷருக்குச் சீனா மேல் கோபம் வரக் கூடாது என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் கூட்டம் போட்டார்கள். உலக நாடுகள் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் ஊர் தீர்மானம் போடப் போகிறது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னை எழுதக் கூப்பிட்டிருந்தார்கள். நாமும் ஒன்று செய்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள் சிலர். பெரிய நாடுகள் சேர்ந்து போய் அதைப் பிடுங்கிவிட வேண்டும் என்றார்கள் சிலர். யாரும் யாரையும் அடிக்க வேண்டாம், எல்லா நாடும் சேர்ந்து ஒதுக்கி வைத்தால் போதும் என்று பிரசிடெண்ட் சொன்னதும் எல்லோருக்கும் அது பிடித்துவிட்டது. தெரிந்த வைத்தியம் அல்லவா!

ஊர் டெய்லர் மட்டும் எழுந்தார். தினமும் இரண்டு பேப்பர் படிக்கிறவர்.

"ஏற்கெனவே ஒதுக்கித்தானுங்க வெச்சிருக்கு. ஐ.நா. சபையில எடமே குடுக்கல. ஒதுக்கி வெச்சிருக்கறப்பத்தானே குண்டு செஞ்சிருக்கான்? இன்னும் ஒதுக்குனா என்னத்த ஆகப்போகுது?"

"நீ எவன் கட்சின்னு எங்களுக்குத் தெரியும், உக்காரு," என்றது ஒரு குரல்.

அவர் உட்கார்ந்துவிட்டார். நான் பேனாவை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

"பேச்சே இல்லைன்னா குண்ட கீழ வைன்னு யாரு போயிச் சொல்றதுங்க? அவங்ககிட்ட எத்தன இருக்கு, எங்க இருக்குன்னு யாரு போயிப் பாக்குறது?"

பிரசிடெண்ட் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. "டீச்சர், நீங்க எந்த வீட்ட நெனச்சுப் பேசுறீங்கன்னு எனக்குத் தெரியுது. எழுதுங்க."

எழுதினேன். குண்டு செய்திருக்கிற நாட்டோடு எந்த நாடும் பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது, எதுவும் விற்கவோ வாங்கவோ கூடாது என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். சரியில்லை என்று தெரிந்தே எழுதினேன். அறுபது கோடிக்கு மேல் சனம் இருக்கிற ஒரு தேசம், அங்கே பிள்ளை பெற்றவள் இருப்பாள், வாசல் கூட்டுகிறவள் இருப்பாள் என்று யாருக்கும் தோன்றவில்லை. சீனாவை எதிர்த்து மை காய்வதற்குள் எத்தனை கையெழுத்து, எத்தனை கைநாட்டு! இதை யாருக்கு அனுப்புவது என்று யாருக்கும் தெரியாததால் திருச்சி கலெக்டருக்கு அனுப்பினார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு பிரசிடெண்ட் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் பேசியது அவருக்குக் கொஞ்சம் உறைத்திருக்க வேண்டும்.

"ஒங்க அக்கா டவுனுக்கு வந்தா சொல்லுங்க. மொதல்ல அந்த ரெண்டு பெட்டியையும் கொண்டாந்து கோயிலுக்கு முன்னால வைக்கட்டும். அப்புறம் ஊருணித் தண்ணியப் பத்திப் பேசுவோம்."

எனக்கு அன்று எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! சனிக்கிழமை அக்காவிடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை மச்சானின் பதிலோடு வந்தாள். மொதல்ல தண்ணி, அப்புறம் மருந்து. நான் திங்கட்கிழமை அதைக் கொண்டுபோய்ச் சொன்னேன். பிரசிடெண்ட் சிரித்தார். "பாத்தீங்களா டீச்சர்? இவன்கிட்டப் போயிப் பேசச் சொன்னீங்களே."

அதோடு சரி. மருந்து முதலில் என்று பிரசிடெண்ட், தண்ணீர் முதலில் என்று மச்சான். மார்கழி போயிற்று, தை போயிற்று. எங்கே வெடிக்குமோ என்று ஊர் பயந்துகொண்டே இருந்தது. பயப்படுகிறவர்கள் ஒருவராவது அந்த வாசலுக்குப் போய், பெட்டி எங்கே, காட்டு என்று கேட்டிருக்கலாமே! போனால் பேச வேண்டி வரும். பேசக் கூடாதென்று கட்டுப்பாடு. இந்த மடத்தனத்துக்கு ஊர் மானம் என்று பேர் வேறு.

பங்குனியில் ஒரு நாள் மத்தியானம். பிள்ளைகள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தன. மேற்கே புகை எழும்பியது. அக்கா மகள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அவர்கள் வீட்டுக் கூரையில் சமையல்கட்டுப் பக்கம் தீ பிடித்திருந்தது. மச்சான் திருமயம் பக்கம் வேலைக்குப் போயிருந்தார். காற்று அப்படி அடித்தது.

ஊரில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். இதையும் சொல்ல வேண்டும், குடத்தோடுதான் வந்தார்கள். கட்டுப்பாடாவது ஒன்றாவது என்று ஊருணியிலிருந்து தண்ணீர் மொண்டுகொண்டு ஓடி வந்த பெண்களை என் கண்ணாலேயே பார்த்தேன். ஆனால் தெருமுனையில் பிரசிடெண்ட் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார்.

"உள்ள மருந்து இருக்கு! யாரும் கிட்டப் போகாதீங்க! போனா உடம்புகூட மிஞ்சாது!"

எல்லோரும் நின்றுவிட்டோம். அக்கா ஒருத்தி மட்டும் தன் கிணற்றுக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு குடம். ஒரு கயிறு. நடுவில் எங்களைப் பார்த்துக் கத்தினாள்.

"மருந்து இல்லீங்க! ஆடி மாசமே கொண்டுபோயிக் காண்டிராக்டர்கிட்டக் குடுத்துட்டாருங்க! வாங்கய்யா! தண்ணி ஊத்துங்கய்யா!"

"வீடு எரியிறப்ப பொம்பள எதத்தான் சொல்லமாட்டா? நம்பாதீங்க!" என்றார் பிரசிடெண்ட். அவர் வஞ்சகமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே பயந்தார்.

அக்கா மகள் என் கையை இழுத்தாள். "இல்ல சின்னம்மா, அப்பா சைக்கிள்ல வெச்சு எடுத்துட்டுப் போயிட்டாக, வா சின்னம்மா."

நான் போகவில்லை. பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அதனால் போக முடியவில்லை என்று பின்னாளில் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். சாக்கு. கூட்டத்தில் எழுந்து, போய்ப் பார்க்க வேண்டாமா என்று நியாயம் பேசினவள், என் கூடப் பிறந்தவள் வாய் விட்டுக் கத்தியும் நம்பவில்லை. மருந்து எப்போது வெடிக்கும் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கூரை முழுவதும் எரிந்து உள்ளே விழுந்தது. நெல் மூட்டை கருகுகிற வாசனை வந்தது. வெடிக்கவில்லை. புகை அடங்குகிற வரை வெடிக்கவில்லை. என் பக்கத்தில் நின்ற ஒருவர் மெதுவாகச் சொன்னார், "மருந்து ஈரமாயிருந்திருக்கும்." செவிட்டில் அறைய வேண்டும் போல இருந்தது. யாரை அறைவது? நானும்தானே காத்துக்கொண்டிருந்தேன்.

குடங்களில் இருந்த தண்ணீர் அப்படியே இருந்தது. பெண்கள் அதைத் தெருவில் கொட்டவும் மனசில்லாமல், எடுத்துக்கொண்டு போகவும் மனசில்லாமல் நின்றார்கள். பிரசிடெண்ட் தலையில் கை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

அக்கா எங்களை நோக்கி நடந்து வந்தாள். இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்திருந்தன. கூட்டம் வழிவிட்டது. யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் நேரே என்னிடம் வந்தாள். "ஏன்க்கா எங்கிட்ட முன்னாலயே சொல்லல?" என்றேன்.

"வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாரு," என்றாள். கத்தவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "அந்தப் பயமும் போயிட்டா ஊரு நம்மள மிதிச்சிரும்னாரு. ஆனா ஒங்கிட்ட மறைச்சிருக்க மாட்டேன்த்தா. தொலைக்கச் சொல்லு தொலைக்கச் சொல்லுன்னு சனிக்கெழமைக்குச் சனிக்கெழம சொன்னியே, இருக்கா இல்லையான்னு ஒருநாளாச்சும் கேட்டியா?"

என் கையிலிருந்து பிள்ளையின் கையை முழங்கையால் விலக்கி, அவளைக் கூட்டிக்கொண்டு கிணற்றுப் பக்கம் போய்விட்டாள்.