விசிலுக்குப் பிடுங்கிய கத்தி

ஆபிதாவுக்கு உசத்தியான ஆட்கள் மூன்று பேர். ஒருவன் அவளுடைய காக்கா ஜஹாங்கீர். காயல்பட்டினத்துக்காரர்கள் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தாராவிக்கு வந்துவிட்டால் அது மாறிவிடுமா என்ன? அடுத்தவர் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் அவளுக்கு அறிவியல் எடுத்த லூசியம்மாள் டீச்சர். மூன்றாவது ஆள் ஒரு சினிமாக் கதாநாயகன். அவன் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவன் ரசிகர்கள் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள், நமக்கு எதற்கு வம்பு.

ஜஹாங்கீர் பகலெல்லாம் வாப்பா அப்துல் ரவூபின் தோல் பை பட்டறையில் தோல் வெட்டுவான். பொழுது சாய்ந்தால் தெருவில் அவன் ராஜ்ஜியம். குழாயடியில் உம்மாவின் குடத்தை உதைத்துத் தள்ளிய வெயிலுமுத்துவை அதே குடத்தால் அடித்துத் தாடையைப் பெயர்த்தான். குடம் நசுங்கிவிட்டதே என்று உம்மா அழுதாள். வெயிலுமுத்து வாயைக் கம்பி போட்டுக் கட்டிக்கொண்டு கஞ்சியை உறிஞ்சிக் கிடந்தான். அதற்கப்புறம் ஆபிதா பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு பயல் வாலாட்டியதில்லை. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒருத்தன் தாடை உடைந்ததில் என்ன பெருமை என்று கேட்பவர்கள் அந்தச் சந்தில் வயசுப்பெண்ணாக ஒரு மாதம் நடந்து பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும்.

சினிமா என்றால் கரீம் பாட்சாவின் வீடியோதான். தகரக் கொட்டகை, ஒரு டிவி, கீழே பாய். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பெண்களுக்கென்று ஒரு ஆட்டம் போடுவார். அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. சண்டை பிடித்துப்போய் விசில் பறந்தால் கேசட்டைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டாக வேண்டும், இல்லையென்றால் தகரம் மிஞ்சாது. ஒரு படத்தில் அந்தக் கதாநாயகன் தன் உடம்பில் சொருகிய கத்தியைத் தானே பிடுங்கி, சிரித்துக்கொண்டே ஒரு கும்பலைச் சாய்ப்பான். பையன்கள் விசிலடித்து விசிலடித்து ஓட்டவைத்ததில் நாடா தேய்ந்து அந்த இடத்தில் மட்டும் கோடு கோடாக விழுந்தது. கோட்டுக்கு நடுவே தெரிந்த மூஞ்சிக்கும் விசில்தான்.

லூசியம்மாள் டீச்சர் முதலுதவிப் பாடம் நடத்தியபோது ஆபிதா எழுந்து இதைக் கேட்டாள். உடம்பில் குத்தி நிற்பதைப் பிடுங்கக் கூடாது, அதுதான் அப்போதைக்கு ரத்தத்துக்கு அடைப்பு, சுற்றித் துணி வைத்து அமுக்கி அப்படியே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார். படத்தில் பிடுங்குகிறார்களே என்றாள் இவள். வகுப்பு சிரித்தது, டீச்சர் சிரிக்கவில்லை. தொடையில் ஓடுகிற பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே போய்விடுவான் என்று தன் சேலையின் மேலேயே இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

வெயிலுமுத்துவின் தாடை கூடிவிட்டது, கத்தி வாங்கிவிட்டான் என்று குழாயடியில் பேச்சு அடிபட்டதிலிருந்து ஆபிதாவுக்குப் புத்தகம் ஓடவில்லை. காக்கா உயிரோடு இருக்க வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் அவளுக்கு. சாப்பிட உட்கார்ந்தவனிடம் டீச்சர் சொன்னதையெல்லாம் ஒப்பித்தாள். அப்போ கத்தியைச் சொருகிக்கிட்டே கல்யாண வீட்டுக்குப் போகணுமா என்று அவன் கேலி செய்தான். சத்தியம் பண்ணச் சொல்லிக் கையை நீட்டினாள். அவன் எச்சில் கையைக் காட்டிச் சிரித்துவிட்டுப் போனான். அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடியோ விட்டு ஆண்கள் கூட்டம் வெளியே வந்தது. ஜஹாங்கீர் நடுவே, அவன் உயிர்த் தோழன் இனாயத்துல்லா தோளில் கைபோட்டபடி. மண்ணெண்ணெய் டப்பாவோடு எதிரே வந்துகொண்டிருந்த ஆபிதா வெயிலுமுத்துவின் ஆட்களை முதலில் பார்த்தாள். கத்துவதற்குள் சோடா பாட்டில் பறந்து ஒரு பையனின் நெற்றி பிளந்தது. சைக்கிள் செயின் சுழன்றது. ஜஹாங்கீர் செயினைக் கையாலேயே பிடித்து, வைத்திருந்தவனை இழுத்து, முட்டியால் மூக்கை நசுக்கினான். இன்னொருத்தன் மணிக்கட்டைத் திருகியதில் எலும்பு முறிந்த சத்தம் கொட்டகை வரைக்கும் கேட்டது. வெயிலுமுத்து பக்கவாட்டில் குனிந்து வந்து அவன் தொடையில் கத்தியை இறக்கினான். பிடி மட்டும்தான் வெளியே நின்றது. குத்தியவனே பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டான்.

ரத்தம் பெரிதாக வரவில்லை. ஜஹாங்கீர் நின்றுகொண்டுதான் இருந்தான். கத்தியைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், அவன் கை பிடிக்குப் போனது.

"காக்கா, எடுக்காத! அல்லாவுக்காவ எடுக்காத!" என்று ஆபிதா தொண்டை கிழியக் கத்தினாள்.

கூட்டத்திலிருந்து விசில் கிளம்பியது. முதலில் ஒன்று. அப்புறம் சந்தே விசிலாகிவிட்டது. ஜஹாங்கீர் தங்கையைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான், பிடுங்கினான். அந்தக் கத்தியோடு வெயிலுமுத்துவைத் துரத்தி அவன் காதை அறுக்கவும் செய்தான். படத்தில் வந்தது அதுவரைக்கும்தான். பிறகு கால் மடிந்து உட்கார்ந்தான், பேன்ட் கறுத்து நனைந்து ரத்தம் சாக்கடைக்கு வழி கண்டுபிடித்தது. ஆபிதா தாவணியைச் சுருட்டி, டீச்சர் காட்டிய இடத்தில் வைத்து முழங்காலால் ஏறி அமுக்கினாள். எந்த டாக்ஸியும் நிற்கவில்லை. தோல் மூட்டை இழுக்கிற கைவண்டியில் போட்டுத் தள்ளினார்கள். வண்டியிலும் அவள் அமுக்கிக்கொண்டேதான் இருந்தாள். தாகமா இருக்கு என்றான், அப்புறம் உம்மா என்றான். சயான் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது அவள் கைக்குக் கீழே துடிப்பு இல்லை.

வெயிலுமுத்துவை அம்பர்நாத்தில் சொந்தக்காரன் வீட்டில் வைத்துப் போலீஸ் பிடித்தது. தெருவில் அதைப் பற்றி யாருக்கும் அக்கறையில்லை. ஜஹாங்கீர் கத்தியைப் பிடுங்கிய கதைதான் ஊரெல்லாம். பார்த்தவன் பார்க்காதவனுக்குச் சொன்னான், பார்க்காதவன் பார்த்ததாகவே சொன்னான். துக்கம் கேட்க வந்தவன்கூட உம்மாவின் முன்னால் பிடுங்குகிற மாதிரி செய்து காட்டினான். உம்மா தலையை முட்டாக்கில் புதைத்துக்கொண்டாள். ஆபிதாவுக்கு அவன் குரல்வளையைக் கடிக்க வேண்டும்போல் இருந்தது.

முக்கில் பையன்களின் மன்றத்துக்கு ஒரு கரும்பலகை உண்டு. பம்பாயில் எந்த முக்கிலும் அப்படித்தான், யார் இறந்தாலும் சாக்பீஸால் அஞ்சலி எழுதிவிடுவார்கள். நம் பையன்களுக்குத் தமிழ் பேச்சோடு சரி, எழுதப் படிக்க வராது. இனாயத்துல்லாவும் மற்றவர்களும் ஆபிதாவிடம் வந்து நின்றார்கள். சிங்கம் மாதிரி கத்தியைப் பிடுங்கினான் என்று நல்ல தமிழில் எழுதித் தரவேண்டுமாம்.

அவள் சாக்பீஸை வாங்கிக்கொண்டு பலகைக்குப் போனாள். எழுதினாள். திரும்பி, அன்றைக்கு விசிலடித்தவர்கள் யார் யார், அவர்கள் பெயரையும் போட வேண்டும் என்றாள். கேட்கவா வேண்டும்! ரஹ்மத்துல்லா தன் பெயரை முதலில் போடச் சொன்னான். ரோஷன் அவனைத் தள்ளிவிட்டுத் தன் பெயரைச் சொன்னான். முதல் விசில் என்னோடதுதான் என்று இனாயத்துல்லா நெஞ்சைத் தட்டினான். அவள் ஒருத்தரையும் விடாமல் எழுதினாள்.

"க்யா லிக்கா? என்ன எழுதுனே, படிச்சுச் சொல்லு புள்ள," என்றான் இனாயத்துல்லா.

ஆபிதா நிறுத்தி நிதானமாகப் படித்தாள். "எங்கள் ஜஹாங்கீரைக் கொன்றவர்கள். வெயிலுமுத்து, இனாயத்துல்லா, ரஹ்மத்துல்லா, ரோஷன்..."

இனாயத்துல்லா விட்ட அறையில் அவள் பலகையில் மோதி விழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம் தாடையில் இறங்கியது. சாக்பீஸ் உடைந்தது. இரண்டாவது அறைக்குக் கையை ஓங்கியபடி நின்றான். அவள் எழுந்து, அந்தக் கைக்கு எட்டுகிற தூரத்திலேயே போய் நின்றாள்.

"அடிங்க காக்கா. அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. எடுக்காதேன்னு நான் கத்தினது ஒங்களுக்குக் கேட்டுச்சா, கேக்கலையா?"

அவன் கை கீழே இறங்கியது. வாய் கோணியது. சின்னப் பிள்ளை மாதிரி மூக்கை உறிஞ்சினான்.

"கேட்டுச்சு புள்ள," என்றான். "எங்க அவன் பயந்து நின்னுருவானோன்னுதான் விசிலை இன்னும் பலமா அடிச்சேன்."