கணக்கில் வராத கோடு

ஸ்ரீதேவியின் இடது கையில் கணினியின் காற்றாடி, வலது கையில் பெயின்ட் பிரஷ். இதழ்களுக்கு நடுவே கம்பளி போல அடைந்திருந்த பஞ்சை உருண்டை உருண்டையாக எடுத்து ஒரு தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். பிரஷ் எட்டாத மூலைக்கு ஊக்கு. விசைத்தறிக் கூடத்துக்கு அடுத்த அறையில் கணினி வைத்திருந்தால் வாராவாரம் இந்தச் சேவகம் உண்டு. குமாரபாளையத்தில் பஞ்சு நுழையாத இடம் மருந்து பாட்டிலின் உள்பக்கம்தான். அதுவும் மூடியைத் திறக்காத வரைக்கும்.

"ஏனுங்க, கடைசித் தறிய ஒரு அஞ்சு நிமிசம் நிறுத்துங்களேன். எடுக்க எடுக்க வந்து உக்காருது."

கணவன் ஈஸ்வர் கதவுக்குள் தலையை மட்டும் நீட்டினான். "தறிய நிறுத்திப்போட்டு எதை விக்கறது? உன்ர கம்ப்யூட்டருக்கு ஒரு மாஸ்க் வாங்கிக் கட்டு."

"மொதல்ல உங்க வாய்க்கு வாங்கோணும்."

அவள் சிடுசிடுத்ததற்குக் காரணம் பஞ்சு அல்ல. அன்று செவ்வாய்க்கிழமை. மறுநாள் காலை பத்து மணிக்குள் ஒரு கோளாறைக் கண்டுபிடித்துச் சரி செய்யாவிட்டால், ஆறு வருடமாக அவள் எழுதிய பகுதியைத் தூக்கி வெளியே போட்டுவிடுவார்கள்.

ஸ்ரீதேவிக்கு வயது முப்பத்தெட்டு. கோயம்புத்தூரில் ஒன்பது வருடம் கம்பெனி வேலை பார்த்துவிட்டு, கல்யாணமாகி எட்டுத் தறிக்காரரின் வீட்டுக்கு வந்தவள். காலையில் பாதி நாள் வீட்டிலிருந்தபடியே சம்பளத்துக்கு வேலை. மீதிப் பாதியில் சம்பளமில்லாத வேலை. அது ஓர் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். கணினியில் வரைந்த சேலை டிசைனைப் படித்துத் தறிக்குப் புரிகிற மாதிரி சொல்லும். பதினாறு நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதுகிறார்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம், குறை சொல்லலாம். குறை சொல்கிற இடத்தில்தான் கூட்டம் அதிகம்.

குமாரபாளையத்து டிசைன்காரர்கள் சேமித்து வைக்கிற கோப்புகளைப் படிக்கும் பகுதி அவளுடையது. ஊரில் முப்பது கூடங்கள் அதை நம்பித் தறி ஓட்டுகின்றன. அது இல்லாவிட்டால் விலை கொடுத்து வேறு மென்பொருள் வாங்க வேண்டும், அல்லது ஓட்டையுள்ள பழைய பதிப்பையே வைத்துக்கொண்டு முழிக்க வேண்டும்.

ஓட்டை என்றால் நினைவக ஓட்டை. பத்துக் கட்டில் போட்ட வார்டில் பதினோராவது நோயாளியைக் கொண்டுவந்து படுக்க வைத்தால் என்ன ஆகும்? அவர் அடுத்த வார்டுக்காரரின் கட்டிலில் போய் விழுவார். பிறகு யாருக்கு எந்த ஊசி என்றே தெரியாது. கணினியின் நினைவகமும் அப்படித்தான். இத்தனை இடம் என்று கேட்டு வாங்கிய பிறகு அதற்கு மேல் ஓர் அடி வைத்தாலும் அது அடுத்தவன் இடம். சில நாள் ஒன்றும் ஆகாது. சில நாள் எல்லாம் கவிழ்ந்துவிடும். கெட்ட எண்ணம் கொண்டவன் வேண்டுமென்றே பதினோராவது ஆளை அனுப்பினால் ஆஸ்பத்திரியே அவன் கைக்குப் போய்விடும்.

'லூம் டைகர்' என்ற பெயரில் ஒருவர் மூன்று வாரமாகப் புகார் எழுதிக்கொண்டிருந்தார். புதிய பதிப்பின் முன்னோட்டத்தை வைத்து டிசைனைத் திறந்தவுடன் மென்பொருள் செத்துப்போகிறதாம். ஸ்ரீதேவி ஒருமுறை திருத்தி, "சரியாகிவிட்டது" என்றாள். "ஆகவில்லை" என்று பதில் வந்தது. இரண்டாவது முறையும் திருத்தினாள். இரண்டாவது முறையும் ஆகவில்லை. கோப்பை அனுப்பச் சொன்னால் மட்டும் லூம் டைகர் பதுங்கிவிடும்.

திட்டத்துக்குத் தலைமை தாங்குபவர் லிஸ்பனில் இருக்கும் ஒரு மனிதர். நல்லவர், பொறுமைசாலி. அவருடைய பொறுமை திங்கட்கிழமையோடு முடிந்தது. "மூன்றாவது முறையும் பொய்த்தால் நன்றாயிருக்காது. புதன்கிழமை உங்கள் ஊர் நேரம் பத்து மணிக்குள் காரணம் தெரியவில்லையென்றால் இந்தப் பகுதி இல்லாமலே புதிய பதிப்பு வெளிவரும்" என்று எழுதிவிட்டார். அவர் இடத்தில் இருந்தால் ஸ்ரீதேவியும் அதையேதான் எழுதியிருப்பாள். அதனால் கோபப்படவும் வழியில்லை.

இத்தனைக்கும் அவள் சும்மா இருக்கவில்லை. கண்டதையும் ஊட்டிப் பார்க்கிற ஒரு சோதனைக் கருவியை மூன்று நாளாக ஓடவிட்டிருந்தாள். அது கோப்பைக் கடித்துக் குதறி, தலைகீழாக மாற்றி, குப்பையாக்கி மென்பொருளின் வாயில் திணிக்கும். நான்கு கோடிக் குப்பையை விழுங்கியும் மென்பொருள் கல்லுப் போல நின்றது. காற்றாடிதான் பஞ்சடைத்துப்போனது.

காற்றாடியை மாட்டிவிட்டு, புகாரை மறுபடி முதலிலிருந்து படித்தாள். இந்தமுறை மேலே இருந்த ஆங்கிலத்தை விட்டுவிட்டு, அடியில் கணினி தானாக ஒட்டிய நீண்ட வால் பகுதியைப் படித்தாள். மென்பொருள் சாகும்போது திறந்திருந்த கோப்பு கணினியின் எந்த அறையில் எந்த அலமாரியில் இருந்தது என்று அதில் எழுதியிருக்கும். அலமாரியின் பெயர்: சென்னியம்மாள் டெக்ஸ்.

அது இரண்டு தெரு தள்ளி, ரேஷன் கடைக்கு எதிர் வீடு.

டிசைன் வரையும் அன்பழகன் வாசலிலேயே மாட்டினான். முப்பது வயது, காதில் பென்சில்.

"நீதானா அந்த லூம் டைகரு?"

"எந்த டைகருங்க்கா?"

"'மதிப்பிற்குரிய பராமரிப்பாளர்களே, தங்கள் அலட்சியம் என்னை ஆழ்ந்த வேதனைக்கு உள்ளாக்குகிறது'ன்னு இங்கிலீசுல எழுதினியே, அந்த டைகரு."

அன்பழகன் பென்சிலை எடுத்துப் பையில் போட்டான். "அது நான் எழுதலீங்க்கா. கம்ப்யூட்டரு மாத்திக் குடுத்துது. 'டேய், மறுபடியும் புட்டுக்கிச்சுடா'ன்னுதான் நான் போட்டேன்."

"அந்த டேய் நான்தான். ஃபைலக் குடு."

"தீபாவளி டிசைனுங்க்கா. உசுரக் கேளுங்க, குடுக்கறேன். போன வருசம் என்ர மயில் பார்டரு கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே உங்கூட்டுத் தறியில ஓடிட்டு இருந்துச்சு."

"மயிலை நீயா பெத்த? ஆமா, எத்தனை பேருகிட்ட மயில் இருக்குது!"

"இந்த மாதிரி கழுத்தத் திருப்பற மயிலு என்னுது மட்டுந்தானுங்க்கா."

உள்ளேயிருந்து அவன் அம்மா சென்னியம்மாள் வந்தார். விஷயத்தைக் கேட்டார். கோப்பு வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது, ஸ்ரீதேவி கண்ணிலும் படக்கூடாது, ஆனால் கோளாறு தெரிய வேண்டும். ஒரு நிமிடத்தில் தீர்ப்பு வந்தது. ஒரு நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டார். கட்டில் விரிப்பை எடுத்து உதறி, கணினிக்கும் நாற்காலிக்கும் நடுவே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சாமி, நீ சொவத்தப் பாத்து உக்காந்து சொல்லு. அவன் அடிப்பான்."

ஸ்ரீதேவி கோவில் காலண்டரைப் பார்த்தபடி கட்டளைகளைச் சொன்னாள். அன்பழகன் இரண்டு விரலால் அடித்தான். கட்டிலுக்குக் கட்டில் நடுவே காவலாள் நிறுத்துகிற மாதிரி ஒரு வசதி உண்டு. யாராவது எல்லையைத் தாண்டினால் அந்த இடத்திலேயே பிடித்துப் பெயர் சொல்லும். அதைப் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தாள்.

"செவப்புல வருதுங்க்கா! பக்கம் பக்கமா வருது!"

"வரட்டும். எத்தனாவது வரின்னு போட்டிருக்குது?"

"அது டிசைன் ரகசியமாச்சுங்களே."

"என்ர புரோகிராம்ல எத்தனாவது வரின்னு கேட்டேன்டா."

"ஓ. எரநூத்திப் பன்னண்டு."

அது டிசைனின் ஒவ்வொரு கோடாக வாங்கி அடுக்குகிற இடம். "எத்தனாவது கோட்டை வெக்கறப்ப புட்டுக்கிச்சு?"

"நானூத்தி எண்பத்தொண்ணு."

"டிசைன்ல மொத்தம் எத்தனை கோடுன்னு தலைப்புல எழுதியிருக்கற?"

"நானூத்தி எண்பதுங்க்கா."

"அப்ப இந்த எண்பத்தொண்ணு யாரு?"

விரிப்பு லேசாக ஆடியது.

"அது திருஷ்டிக் கோடு சாமி," என்றார் சென்னியம்மாள். "எங்கூட்டு வழக்கம். எந்த டிசைன் போட்டாலும் கடைசியா ஒரு கோடு தப்பா நெய்யோணும். குறையில்லாத சேலைக்குக் கண்ணு பட்டுரும்."

"தப்பா நெய்யுங்க, வேண்டாங்கல. எண்ணிக்கையில சேத்தறதுக்கு என்ன?"

"சேத்தினா அது டிசைனுல்ல? எண்ணாம உட்டாத்தான் திருஷ்டி."

ஆக, அன்பழகன் ஒவ்வொரு டிசைனையும் முடித்துச் சேமித்த பிறகு, கோப்பின் வாலில் கையாலேயே ஒரு கோட்டைத் தட்டிச் சேர்ப்பான். தலைப்பில் நானூற்று எண்பது, உள்ளே நானூற்று எண்பத்தொன்று. ஸ்ரீதேவியின் நிரல் தலைப்பை நம்பி நானூற்று எண்பது கட்டில் போட்டுவிட்டு, கோப்பு தீரும் வரைக்கும் ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பழைய பதிப்பில் அடுத்த கட்டில் காலியாகக் கிடந்தது. அதிர்ஷ்டத்தில் சேலையும் ஓடியது. புதியதில் அங்கே ஆள் இருந்தது.

அவளுடைய கருவி நான்கு கோடித் தடவை இதைத் தவறவிட்டதற்கும் காரணம் இப்போது புரிந்தது. குப்பையை ஊட்டுவதற்கு முன்னால் எண்ணிக்கையை மட்டும் ஒழுங்கு செய்து அனுப்பும்படி அவளேதான் எழுதி வைத்திருந்தாள். டிசைன் மென்பொருள் எண்ணிக்கையைத் தப்பாகப் போடாது என்ற நினைப்பு. குளிர்ந்த தண்ணீரில் குளிப்பாட்டிவிட்டுத் தெர்மாமீட்டர் வைத்தால் காய்ச்சல் எப்படித் தெரியும்?

"பாத்தீங்களாக்கா? உங்க புரோகிராம்தான் தப்பு," என்றான் அன்பழகன், எதிர்ப்பை எதிர்பார்த்து.

"ஆமா, தப்பு என்னுதுதான். கோப்பு பொய் சொல்லலாம். நம்பறது என்ர குத்தம்."

சண்டைக்குத் தயாரானவனுக்கு இது ஏமாற்றமாக இருந்தது.

"இனிமே எண்ணிக்கைக்கு மேல வர்ற கோட்டை எடுக்காது. எச்சரிக்கை சொல்லிட்டு உட்டுரும்," என்றாள் ஸ்ரீதேவி.

விரிப்பு சடாரென்று கீழே இறங்கியது. சென்னியம்மாளுக்கே அது தெரியவில்லை. "அப்ப சேலைக்குக் கண்ணு படுமே!"

"அம்மா, திரைய மேல புடிங்க! மயிலு தெரியுது!"

"எங்க டெக்ஸுக்கு மட்டும் ஒரு கோட்டுக்கு எடம் கூட உடு சாமி. ஒரே ஒரு கோடு."

"இன்னிக்கு உங்களுக்கு ஒண்ணு உட்டா, நாளைக்குப் பெரு நாட்டுல ஒருத்தன் ரெண்டு கேப்பானுங்க." காலண்டரிடம் சொல்லிவிட்டு எழுந்து, சுவரோரமாகவே நடந்து வெளியே வந்தாள்.

வீட்டில் திருத்தம் மூன்று வரிதான். ஆனால் திருத்தத்தை நம்புகிற பழக்கத்தை அவள் அன்றோடு விட்டிருந்தாள். முதலில் கருவியிலிருந்த, எண்ணிக்கையை ஒழுங்கு செய்கிற அந்த நல்ல மனசை வெட்டி எடுத்தாள். திருத்தாத நிரலுக்கு ஊட்டினாள். நாலே நிமிடத்தில் லூம் டைகர் சொன்ன அதே இடத்தில் அது செத்துவிழுந்தது. மூன்று வாரத்தில் முதல் முறையாக அவள் சிரித்தாள்.

"செத்துப்போச்சுங்க!" என்று கூடத்தைப் பார்த்துக் கத்தினாள்.

ஈஸ்வர் ஓடி வந்தான். "யாரு?"

"புரோகிராமு."

"அதுக்கா இந்தச் சந்தோசம்?" அவன் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனான்.

சாகவைக்கத் தெரிந்த பிறகுதான் பிழைக்க வைத்ததை நம்ப முடியும். திருத்திய நிரலுக்கு அதையே ஊட்டினாள். எச்சரிக்கை சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றது. மீண்டும் வராமலிருக்க, வாலில் ஒரு கோடு கூடுதலாக உள்ள சின்னக் கோப்பு ஒன்றைத் தானே வரைந்து சோதனைகளோடு சேர்த்தாள். மயில் இல்லை, எட்டுக் கட்டம், ஒரு புள்ளி. கருவியை ஓடவிட்டுவிட்டுப் படுக்கப் போனாள். கருவிக்குத் தூக்கம் தேவையில்லை, அவளுக்கு உண்டு.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு வந்து பார்த்தபோது கருவி புதிதாக ஒன்றைப் பிடித்து வைத்திருந்தது. மைனஸ் ஏழு கோடுகள் உள்ள சேலை. நெய்யவும் ஆளில்லை, கட்டவும் ஆளில்லை. ஆனால் அப்படி ஒருவன் எழுதி அனுப்பினால் நிரல் அதையும் நம்பிக் கட்டில் தேடுகிறது. பல் துலக்கியவுடன் அதையும் அடைத்தாள். அதற்கும் ஒரு சோதனை எழுதினாள். எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து இரண்டு தரம் ஓட்டினாள். எட்டரை மணிக்குத் திருத்திய பதிப்பை அன்பழகனுக்கு அனுப்பி, உண்மையான தீபாவளிக் கோப்பைத் திறந்து பார்க்கச் சொன்னாள்.

ஒன்பது மணிக்குப் போனில் வந்தவர் சென்னியம்மாள். "தொறந்துருச்சு சாமி, சாகல. கோட்டைத்தான் உட்டுருச்சு."

"அப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"பண்ணியாச்சு. நானூத்தி எண்பதாவது கோட்டுல ஒரு நூலைத் தப்பா வெச்சாச்சு. அவனுக்கு மனசே வரல, நல்ல கோட்டைக் கெடுக்கறமேன்னு அழுதுட்டே கெடுத்தான். மனசில்லாம கெடுத்ததுனால நல்லாவே பலிக்கும்."

ஒன்பது நாற்பதுக்கு எல்லாவற்றையும் லிஸ்பனுக்கு அனுப்பினாள்: திருத்தம், சோதனை, செத்ததற்குச் சாட்சி, பிழைத்ததற்குச் சாட்சி. அங்கே இன்னும் விடியவில்லை, ஆனாலும் விழித்துக் காத்திருந்தார் போல; ஐந்து நிமிடத்தில் ஒரே ஒரு கேள்வி வந்தது. எண்ணிக்கையில் வராத கோட்டை ஒருவர் ஏன் எழுத வேண்டும்?

கண் திருஷ்டியை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதி நான்கையும் அழித்தாள். கடைசியில், "வாடிக்கையாளர் தெரிந்தே செய்தது, காரணம் உண்டு, நிரலுக்கு அது தேவையில்லை" என்று அனுப்பினாள்.

பத்துக்கு நான்கு நிமிடம் இருக்கையில் பதில் வந்தது. "இந்தப் பகுதி உள்ளேயே இருக்கும். மைனஸ் ஏழுக்குத் தனியாக நன்றி." விளக்கக் குறிப்பில் அவரே ஒரு வரியும் சேர்த்திருந்தார்: எண்ணிக்கைக்கு மேற்பட்ட கோடுகள், அவற்றின் நோக்கம் எதுவானாலும், ஏற்கப்படமாட்டா.

ஸ்ரீதேவி ஆறிப்போன இட்லி மூன்றை நின்றுகொண்டே தின்றாள். புதிய பதிப்பைப் பென் டிரைவில் ஏற்றினாள். முப்பது கூடத்திலும் பழையதை எடுத்துவிட்டு இதைப் போட்டாக வேண்டும். போனில் சொன்னால் ஒருவரும் செய்யமாட்டார்கள். சம்பள வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தவள், காவிரிப் பாலத்துப் பக்கக் கூடங்களிலிருந்து ஆரம்பித்தாள்.