தர்மலிங்கம் அண்ணை பார்த்துச் சொன்ன கோடு

செய்தி வந்தபோது நான் ஒருவரின் கையில் இரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தேநீர்க்கடைக்காரர் எங்கள் ஆய்வுகூட வாசலில் வந்து நின்று, "முன் பாமசி தர்மலிங்கம் அண்ணை விடியக்காலமை போயிட்டாராம், கேள்விப்பட்டனீங்களோ?" என்றார். இல்லை என்றேன். ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து அழுத்தி, குழாயில் பெயரை ஒட்டினேன். நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். நான் அடுத்தவரைக் கூப்பிட்டேன். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. கடைசிவரை ஊருக்கு முன்னால் வாய் திறக்காமலே இந்த மனுசன் தப்பிப் போய்விட்டாரே என்ற கோபம்.

இரண்டு கிழமை கழித்து அவருடைய மகன் வந்தார். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் போடுகிறார்களாம். அப்பாவின் மருந்துக்கடைக்கு நேரெதிரே இத்தனை காலம் இருந்தவள் என்பதால் நானும் எழுத வேண்டுமாம்.

"தம்பி, நான் நல்லதா எழுதமாட்டன்" என்றேன்.

"தெரியும் அக்கா. அப்பாவோட முகத்துக்கு நேர சண்டை பிடிச்சது நீங்கள் ஒராள்தான். எழுதுங்கோ, நான் ஒரு எழுத்திலயும் கை வைக்கமாட்டன்."

அந்த வார்த்தையை நம்பித்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் எழுதியிருப்பவற்றை நான் மறுக்க வரவில்லை. வெள்ளம் வந்த வருடம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் சீனி நோயாளர்களுக்கு ஊசி மருந்து கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர். நானும் கண்ணால் பார்த்தேன். ஊரே கடையைப் பூட்டிக்கொண்டு கிடந்த நாட்களிலும் அவருடைய கதவு பாதி திறந்திருந்தது. அதெல்லாம் உண்மை. ஆனால் இந்த மலர் முழுக்க அது மட்டுமே இருக்கப் போகிறது என்று நினைத்தால் எனக்கு வயிறு பற்றி எரிகிறது.

அவருடைய கடையில் ஒரு வழக்கம் இருந்தது. உங்களில் பல பெண்களுக்குத் தெரியும். பிள்ளை தங்கியிருக்கிறதா என்று பார்க்கும் பட்டியை அவரிடம் வாங்கிப்போவார்கள். வீட்டில் நனைத்துவிட்டு, கடதாசியில் சுற்றி, அவரிடமே திரும்பக் கொண்டுவருவார்கள். குறிஞ்சாக்கேணியிலிருந்து பஸ் ஏறி வருபவர்களும் உண்டு. அவர் அதைக் குழல் விளக்குக்கு நேரே தூக்கிப்பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தீர்ப்புச் சொல்வார். அவர் சொன்னால்தான் மாமியார் நம்புவார், புருசன் நம்புவார். பட்டியை நனைத்து எத்தனை மணித்தியாலம் ஆகிறது என்று அவர் ஒருவரிடமும் கேட்டதில்லை. பெட்டியில் நிமிடக் கணக்குப் போட்டிருக்கிறதே என்று நான் ஒருநாள் சொன்னேன். "பெட்டியில எழுதினது வெள்ளைக்காரனுக்கு, பிள்ளை. எங்கட சனத்துக்கு நான் இருக்கிறன்" என்றார். கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள்.

ஒருமுறை ஒரு பெண், நாள் தள்ளிப்போகும் முன்பே அவசரப்பட்டு, அதுவும் பின்னேரம், பகல் முழுக்கத் தண்ணீர் குடித்த பிறகு நனைத்துக் கொண்டுவந்தாள். ஒரு கோடுதான். "ஒண்டும் இல்லை, வாயு" என்று வாயுக் குளிசை கொடுத்து அனுப்பினார். அந்த வாயு இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அதை அவரே பகிடியாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். நல்லபடி முடிந்த பிழைகளைச் சொல்லிச் சிரிப்பதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

மற்றப் பிழைக்கு வருகிறேன். என் தங்கை வசந்தி கப்பல்துறையில் வாழ்க்கைப்பட்டவள். முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். டிப்ளோமா முடியட்டும், பிறகு பிள்ளையைப் பற்றி யோசிக்கலாம் என்று அவள் சொன்னது மாமிக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து அவளுக்கு நாள் தள்ளிப்போனது. காலையில் பட்டியை நனைத்து, பெட்டியில் சொன்ன நேரம் காத்திருந்து பார்த்திருக்கிறாள். ஒரு கோடு. அதைக் குளியலறை ஜன்னலில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். துறைமுகத்தில் வேலை முடிந்து பின்னேரம் வீட்டுக்கு வந்த அவளுடைய புருசன் அதை எடுத்துப் பார்த்தபோது, இரண்டாவதாகச் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தெரிந்திருக்கிறது. மறுநாள் மாமி அதைக் கடதாசியில் சுற்றி, வசந்தியையும் இழுத்துக்கொண்டு தர்மலிங்கம் அண்ணையிடம் வந்துவிட்டார். எதிரே அக்கா இருக்க ஏன் அங்கே போனாள் என்று கேட்பீர்கள். அந்த வீட்டில் எல்லோருக்கும் பார்த்துச் சொன்னவர் அவர்தான். மருமகளுக்கு மட்டும் வேறு வழி கிடையாது.

"நான் பார்க்கேக்க ஒண்டுதான் இருந்தது அண்ணை" என்று வசந்தி சொல்லியிருக்கிறாள்.

"கோடு எண்டா கோடுதான் பிள்ளை. மெல்லிசு, தடிப்பு எண்டு பார்க்கிறேல்லை. போய் மாமியைச் சமைச்சுத் தரச் சொல்லி நல்லாச் சாப்பிடும்" என்றாராம், கடை நிறையச் சனம் நிற்கத்தக்கதாக.

அவர் சொன்னதில் பாதி சரி. நேரத்துக்குள் பார்த்தால், மெல்லிய கோடும் கோடுதான். கரு கருப்பையில் ஒட்டியதும் ஓர் ஓமோன், கர்ப்பத்துக்கே உரிய ஒரு சுரப்பு, ஊறத் தொடங்குகிறது. முதலில் இரத்தத்தில் ஏறும், பிறகு சிறுநீருக்கு வரும். பட்டியில் அந்த ஓமோனை மட்டும் பிடித்து நிறுத்துகிற ஒன்றை ஓரிடத்தில் பூசியிருப்பார்கள். சிறுநீர் சாயத்தையும் இழுத்துக்கொண்டு மேலே ஏறும்போது, ஓமோன் இருந்தால் சாயம் அந்த இடத்தில் தங்கிக் கோடாகும். மற்றக் கோடு பட்டி வேலை செய்கிறது என்று காட்டுவதற்கு. ஆனால் சொன்ன நேரம் கடந்து பட்டி காய்ந்தால், ஓமோனே இல்லாவிட்டாலும் அந்தப் பூச்சு இருந்த இடத்தில் சாயமேறாத ஒரு சாம்பல் நிழல் விழக்கூடும். அதைப் பார்த்துத்தான் அவர் வாழ்த்துச் சொன்னார்.

மாமி அயல் வீடுகளுக்கெல்லாம் இனிப்புக் கொடுத்தார். அந்தக் கிழமை முடிய முன்பே வசந்திக்கு வழமையான இரத்தப்போக்கு வந்தது. "என்னத்தக் குடிச்சு அழிச்சனீ?" என்றுதான் மாமி முதலில் கேட்டிருக்கிறார். படிப்பு முடியட்டும் என்று அவள் சொன்னதெல்லாம் அன்றைக்குச் சாட்சியாகிவிட்டது. அவள் அழுதுகொண்டு என்னிடம் வந்தாள். உடனே இரத்தம் எடுத்துப் பார்த்தேன். ஓமோனின் அடையாளமே இல்லை. கரு தங்கிக் கலைந்திருந்தால் அந்த ஓமோன் இரத்தத்தில் சில நாட்களாவது நின்று, மெல்ல மெல்லத்தான் இறங்கும். அறிக்கையை எடுத்துக்கொண்டு கப்பல்துறைக்குப் போனேன்.

மாமி அதைக் கையில்கூட வாங்கவில்லை. "அக்காவின்ர லாப்பில தங்கச்சிக்கு வேற என்ன எழுதுவினம்? தர்மலிங்கம் வந்து சொல்லட்டும், நாங்கள் நம்புறம்" என்றார். வசந்தியின் புருசன் எழுந்து முற்றத்துக்குப் போனார்.

ஆக, ஒரே ஒரு ஆள் ஒரே ஒரு வசனம் சொன்னால் போதும். அந்த ஆள் என் வாசலுக்கு எதிரே இருந்தார். நான் தெருவைக் கடந்து போனேன்.

"கரு தங்காமல் கரைஞ்சிருக்கும். அப்பிடியும் நடக்கிறதுதானே" என்றார் அவர்.

நடக்கிறதுதான், ஆனால் இது அதில்லை என்று அறிக்கையை அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முழுவதையும் ஆற அமர வாசித்தார். மடித்து என்னிடமே தந்தார்.

"பிள்ளை, மருந்து எல்லாக் கடையிலயும் இருக்கு. சனம் இஞ்ச வாறது என்ர சொல்லுக்கு. ஒருக்காப் பிழை எண்டு நான் சொன்னா, முந்திச் சொன்னதெல்லாம் பிழையாப் போயிடும்."

"அவளின்ர வாழ்க்கை போகுது அண்ணை."

"அது குடும்ப விசயம். அதுக்குள்ள நான் தலை போட ஏலாது."

கோட்டைப் பார்த்து வாழ்த்துச் சொன்னபோது அது குடும்ப விசயமாக இருக்கவில்லை. நான் சத்தம் போட்டேன். மருந்து வாங்க வந்தவர்கள் என்னைத்தான் முறைத்துப் பார்த்தார்கள். தெருவுக்கே படியளக்கிற மனுசனை இவள் ஏசுகிறாளே என்ற பார்வை. அவர் அடுத்த ஆளின் மருந்துத் துண்டை வாங்கி, குளிசை எண்ணத் தொடங்கினார்.

வசந்தி அந்த வீட்டுக்குத் திரும்பப் போகவில்லை. புருசன் கொஞ்சக் காலம் எங்கள் வாசல் படலை வரை வந்து நின்றுவிட்டுப் போனார். பிறகு அதுவும் நின்றது. விவாகரத்து வழக்கும் முடிந்தது. இப்போது அந்த முன்பள்ளியை அவள்தான் நடத்துகிறாள். எல்லாம் நன்மைக்குத்தானே என்று யாராவது என்னிடம் சொன்னால் எனக்குக் கை துறுதுறுக்கும். பிள்ளையை அழித்தவள் என்ற பேர் இன்னும் கப்பல்துறையில் அவளுக்கு இருக்கிறது. பஸ்ஸில் பழைய அயலவர் யாராவது ஏறினால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.

அன்றிலிருந்து என்னிடம் வருகிற எந்தப் பெண்ணையும் நான் சும்மா அனுப்புவதில்லை. நாள் தள்ளிப்போன பிறகு பாருங்கோ, காலையில் முதல் போகிற சிறுநீரில் பாருங்கோ, சொன்ன நேரத்துக்குள் பார்த்துவிட்டு எறியுங்கோ என்பேன். அப்படிப் பார்த்தால் பட்டி பெரும்பாலும் உண்மைதான் சொல்லும். இல்லை என்று காட்டியும் நாள் வராவிட்டால் சில நாள் விட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும். கரு எந்த இடத்தில் தங்கியிருக்கிறது என்று பட்டிக்குத் தெரியாது. அடிவயிற்றில் கடும் நோவு வந்தால் பட்டியைப் பார்த்துக்கொண்டு இருக்காமல் வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். இதையெல்லாம் நான் வாசலில் நின்று உரத்துத்தான் சொல்வேன். எதிர்க் கடைக்குக் கேட்க வேண்டும் என்றுதான்.

அவர் போவதற்குச் சில மாதங்களுக்கு முன், ஒரு மத்தியானம், அவர் தெருவைக் கடந்து என்னிடம் வந்தார். மனைவியை வெளிக் கதிரையில் இருத்திவிட்டு உள்ளே வந்து, சட்டைக் கையை மடித்து நீட்டினார். என்ன பரிசோதனை என்பது இங்கே தேவையில்லை. நரம்பைத் தேடிக்கொண்டே, "வேற பெரிய லாப்புகள் இருக்கே அண்ணை" என்றேன்.

"உம்மட ரிப்போட் பிழைக்காது, பிள்ளை. அது எனக்குத் தெரியும்."

ஊசியைத் தட்டில் வைத்தேன். "அண்டைக்கும் தெரியுமோ?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "ஓம்" என்றார். "அண்டைக்கும் தெரியும்."

இரத்தத்தை எடுத்தேன். பஞ்சை வைத்தேன். அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டு எழுந்து போனார். அவரை நான் மன்னிக்கவில்லை. இப்போதும் மன்னிக்கவில்லை. அன்று வீட்டுக்குப் போனதும் வசந்தியிடம் சொன்னேன். குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அவர் சொன்னதை வேற ஆரும் கேட்டவையோ?" என்றாள்.

"இல்லை. நான் மட்டும்தான்."

அவள் அடுத்த பிடிக் கீரையை எடுத்தாள்.

தர்மலிங்கம் அண்ணையிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த ஒரு "ஓம்" மட்டும்தான். நீங்கள் எல்லோரும் அவரை அறிந்தவர்கள், அவர் சொன்னால் நம்புகிறவர்கள். ஆகவே அதை உங்களிடமே தந்துவிடுகிறேன். வசந்தி எதையும் குடிக்கவில்லை. அவளுடைய வயிற்றில் அழிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அது தர்மலிங்கம் அண்ணைக்குத் தெரியும்.