செத்த குழந்தைக்கு ஒரு வம்சம்

தொண்ணூறுகளில், லண்டன் ஃபாரஸ்ட் கேட் பகுதியில், தமிழர் ஒருவர் நடத்திய, வம்சாவளி தேடிக் கொடுக்கும் சிறிய நிறுவனமொன்றில் வேலை செய்தேன். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்து அமெரிக்காவுக்குப் போய்க் குடியேறிய தன் மூதாதை யாருடைய மகன் என்று கண்டுபிடிக்கச் சொல்லி, ஓர் அமெரிக்கப் பெண்மணி கேட்டிருந்தார். அதே பெயரில் ஒரு குழந்தைக்கு இங்குள்ள தேவாலயமொன்றில் ஞானஸ்நானம் நடந்திருந்தது. ஆனால் அந்தக் குழந்தை இரண்டு வயதிலேயே இறந்துவிட்டது. இரண்டையும் முதலாளியிடம் சொன்னேன்.

பெண்மணி லண்டன் வந்தபோது, முதலாளி எங்களை அந்தத் தேவாலயத்துக்கே அழைத்துப் போனார். "உங்கள் மூதாதை ஞானஸ்நானம் பெற்ற இடம் இதுதான்" என்றார். பெண்மணி ஞானஸ்நானத் தொட்டியைத் தடவி அழுதார். முதலாளியைத் தனியே கூப்பிட்டேன்.

"அண்ணை, அந்தப் பிள்ளை செத்துப்போச்செண்டு சொன்னனான் எல்லோ?"

"ஓம், தெரியும். மனுசி சந்தோசமாப் போகட்டும். நீ பேசாமல் இரு."

"உங்கட பரம்பரையை ஆரும் இப்பிடி மாத்திச் சொன்னா விடுவியளோ?"

பெண்மணியிடம் நானே போய் உண்மையைச் சொன்னேன்.

"அப்படியானால் அவர் யாருடைய பிள்ளை?" என்று பெண்மணி கேட்டார்.

"தெரியவில்லை" என்றேன்.

அன்றோடு வேலை போனது. இப்போது தனியாகவே தேடிக் கொடுக்கிறேன். ஒரு பிறப்புப் பதிவு கிடைத்தால், அந்தக் குழந்தை வளர்ந்ததா என்று பார்க்காமல் வாய் திறப்பதில்லை. கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்று கேட்டவரிடம் நானே சொல்லிவிடுகிறேன்.