கிணற்றில் வளர்ந்த விரால் குஞ்சுகள்

அறுபதுகளில் எங்கள் கண்மாய் கோடையில் வற்றி முழங்கால் ஆழத்துக்கு வந்துவிட்டால், ஊரே மீன் பிடிக்க இறங்கும். கரையில் நிற்கும் பெரியவர் துண்டை வீசினால் போதும், மூங்கில் ஊத்தாக் கூடைகளோடு ஆளாளுக்குச் சேற்றில் பாய்வார்கள். பிடித்ததை விற்கக்கூடாது, குழம்பாக்கித் தின்ன வேண்டும். என் சித்தப்பா வருஷா வருஷம் சேற்றை மட்டும் பிடித்துக்கொண்டு வருவார்.

எனக்கு ஏழு வயதானபோது அவருக்கும் யோகம் அடித்தது. கை நீளத்துக்கு ஒரு விரால். அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அவர் ஆடிய ஆட்டத்தைக் குன்றக்குடிக் காவடிகூட ஆடியிருக்காது. கரையில் என்னோடு நின்ற சித்தி மட்டும் சிரிக்கவில்லை. அந்த மீன் இருந்த இடத்தில் செக்கச்செவேலென்று பொடிக்குஞ்சுகள் கூட்டமாய்ச் சுற்றிச் சுற்றி வந்தன.

"குஞ்சோட இருந்ததப் பிடிச்சிட்டீகளே" என்றாள். சேலையைச் செருகிக்கொண்டு இறங்கி, முந்தானையால் குஞ்சுகளை அரித்தெடுத்து, குடத்தில் கொண்டுவந்து எங்கள் வீட்டுக் கிணற்றில் விட்டாள். அன்று குழம்பை அவள் தொடவில்லை.

சித்திக்குப் பிள்ளை இல்லை. எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது. அவள் சுடும் அதிரசத்துக்குப் பங்காளி கிடையாது.

அதன்பிறகு விடிந்ததும் கிணற்றை எட்டிப் பார்ப்பதுதான் அவளுக்கு முதல் வேலை. குஞ்சுகள் மூச்சு வாங்க மேலே வரும். அவை வந்துபோன பிறகுதான் காப்பிக்கு அடுப்புப் பற்றவைப்பாள். கரையான் புற்றைத் தட்டிக் கொண்டுவந்து போடுவாள். கொசுப்புழு ஒழிந்து கிணறும் தெளிந்தது. ஆனால் குஞ்சுகள் கறுத்து விரல் தடிமன் ஆனதும் கூட்டம் குறையத் தொடங்கியது.

"பெருசு சிறுசத் திங்குது. எடம் பத்தல. கம்மா பெருகுனதும் கொண்டுபோயி விட்ருவோம்" என்றார் சித்தப்பா. அவள் கூடக் கொஞ்சம் கரையான் போட்டுப் பார்த்தாள். குறைவது நிற்கவில்லை.

ஐப்பசியில் கண்மாய் பெருகியது. எஞ்சிய மீன்களைக் குடத்தில் இட்டு இடுப்பில் சுமந்து வந்தவள், கரையில் குடத்தைச் சரிக்காமல் நின்றாள்.

"மீன் குஞ்சுக்கு நீந்தவா சொல்லிக் குடுக்கணும்? விடு" என்றார் சித்தப்பா, மெதுவாக.

சரித்தாள். எல்லாம் போய்விட்டன. நான் ஓவென்று அழுதேன். சித்தி வெறுங்குடத்தைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். என் கால் அவள் முழங்காலுக்குத் தொங்கியது. எனக்கு வெட்கமாகிவிட்டது.

"எறக்கி விடுங்க சித்தி, பள்ளிக்கூடத்துப் புள்ளைக பாத்தா சிரிக்கும்."

"செத்த இரு ஆத்தா" என்று இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கரை முடிந்து தெரு வந்தும் அவள் இறக்கவில்லை. அழுகிற என்னைத் தேற்றத்தான் தூக்கியிருக்கிறாள் என்று நினைத்தேன். அதனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் இப்ப அழல சித்தி, எறக்கி விடுங்க" என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன்.