சின்னத்தாயின் மண்டபத்துக்குச் செக்கிங் வந்த நாள்

ஆமத்தூர் சின்னத்தாய் எதற்கும் அசருகிறவர் அல்ல. பட்டாசு ஆலையில் பேக்கிங் சூப்பர்வைசராக இருந்தார். பிறகு கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுத்தார். அடுத்தவர் மண்டபங்களின் வெக்கையில் வெந்தது போதுமென்று, லாரி வைத்திருக்கும் மகன் காளீஸ்வரனோடு சேர்ந்து சொந்தமாக ஏசி மண்டபமே கட்டினார்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் அழகுமீனா என்கிற பெண்ணுக்கு அங்கே கல்யாணம்; மண்டபத்தின் முதல் கல்யாணம் அதுதான். அது தள்ளிப்போனால் அந்த மண்டபத்தை இரண்டாவதாக யாரும் கேட்கமாட்டார்கள். எங்கள் பக்கத்து மாப்பிள்ளை வீட்டார் சகுனத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள்.

இதற்கிடையில் வந்து சேர்ந்தது ஆற்றல் சிக்கன விதி. பெரிய ஏசி கட்டடம் என்றால் வெயில் உள்ளே இறங்காதபடி கட்டவேண்டும். சின்னத்தாய் முரண்டு பிடிக்கவில்லை. மேற்குச் சுவரில் கண்ணாடியைக் குறைத்தார். மொட்டை மாடியில் வெப்பம் தடுக்கும் நுரைப் பலகைகளைப் பரப்பினார். அரசுப் பொறியாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்டபின்தான் அதன்மேல் ஓடு பதித்து மண்டபத்தைத் திறக்கலாம்.

ஆடியில் ஒருநாள் காலையில் போன் வந்தது. மத்தியானம் பொறியாளர் வருகிறாராம்.

"ஏலே காளி, செக்கிங் வருதுலே! லாரியக் கொண்டா!"

பட்டாசு வட்டாரத்தில் செக்கிங் என்றால் செய்யவேண்டியது ஒன்றுதான்: தீப்பிடிக்கிற சரக்கு எதுவும் கண்ணில் படக்கூடாது. மூளையிடம் கேட்பதற்குள் கைகால்கள் அதை முடித்துவிடும். நுரைப் பலகையும் தீப்பிடிக்கும்தானே? அத்தனையும் மல்லாங்கிணறு தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மாடியைக் கழுவிக் கோலமும் போட்டாயிற்று.

பொறியாளர் சினேகா மாடியேறினார். வெறும் தளம் கொதித்தது.

"பலகையெல்லாம் எங்கம்மா?"

"மல்லாங்கிணறுல பத்திரமா இருக்கு தாயி."

"அங்க எதுக்கு?"

"நீங்க வாறீகன்னுதான்."

"அதைப் பார்க்கத்தானே வந்தேன்!"

சின்னத்தாய் முந்தானையை இழுத்துச் செருகினார். "நல்லா வந்தீக போங்க! சரக்கு இல்லைன்னு காட்டித்தான் எங்களுக்குப் பழக்கம். இருக்கான்னு பாக்க வாற ஆபீசர இப்பத்தான் பாக்கேன்."

சினேகா சிரிப்பை அடக்கிக்கொண்டார். கையெழுத்துப் போடவில்லை. "இனி அடுத்த மாசக் கடைசியிலதான் இந்தப் பக்கம் வருவேன்."

"அதுக்குள்ள பொண்ணு மறுவீடே போயிருமே! சாப்பிட்டீகளா? ஒக்காருங்க. நீங்க எலய மடிக்கிறதுக்குள்ள மாடிய மூடிருவோம்."

"செக்கிங் வந்த இடத்துல சாப்பிட மாட்டேன்."

"அப்ப பட்டினியா நின்னு பாருங்க."

போன லாரி பலகைகளோடு திரும்பி வந்தது. சமையலாட்கள், பந்தல்காரர்கள், லாரிக் கிளீனர் என்று கைகால் உள்ளவர்கள் எல்லோரும் பலகை சுமந்தார்கள். சினேகா குடை பிடித்துக்கொண்டு ஒவ்வொரு இடுக்காகக் காட்டினார். சின்னத்தாய் ஒவ்வொன்றையும் பட்டாசுப் பெட்டி ஒட்டுகிற வேகத்தில் டேப் போட்டு மூடினார். வெயில் சாயும்போது கையெழுத்து விழுந்தது.

அழகுமீனா கல்யாணம் குறித்த முகூர்த்தத்திலேயே நடந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா மட்டும் குளிருகிறது, ஏசியைக் குறைக்கச் சொல்லுங்கள் என்றார். சின்னத்தாய் குறைக்கவில்லை, நிறுத்தியேவிட்டார். மாடிப் பலகைகளின் புண்ணியத்தில் பந்தி முடியும்வரை ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.