மூன்றாம் வகுப்புக்குப் போன வீடு

தேநீர் டம்ளரைப் பேனாக் குவளைக்கு வலப்புறம் வைப்பார். கண்ணாடிக் கூட்டை டம்ளருக்குப் பின்னால். தலையைச் சாய்த்து ஒரு முறை பார்த்து, திருப்தி வந்த பிறகுதான் காகிதத்தைக் கிட்டே இழுப்பார். யாராவது டம்ளரை நகர்த்திவிட்டால் அன்றைக்கு வேலை ஓடாது. முகம் தொங்கிப் போகும்.

பள்ளிப் பயிற்சி நூல்கள் போடும் எங்கள் அலுவலகத்தில், இடங்களை விவரிக்கும் பத்திகள் எழுதுவது அவர் வேலை. 'பூங்காவுக்கு எதிரே என்ன இருக்கிறது? தபால் நிலையத்துக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் இருப்பது எது?' என்று கேட்டுப் பிள்ளைகளின் உயிரை வாங்குகிற பத்திகள். அவற்றுக்குப் படம் போடுகிறவள் நான். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'இடவலம்'. அவர் காதுபடவே சொல்வோம், கோபித்துக்கொள்ள மாட்டார்.

அவரிடம் 'அங்கே' என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. "பசை டப்பா அங்கதான் சார் இருக்கு" என்றால் போச்சு. "அங்கேன்னா எங்கம்மா? மேலயா, கீழயா, எதுக்குப் பக்கத்துல?" என்று பிடித்துக்கொள்வார். பத்தி எழுதுவதற்கும் கறாரான சட்டம் வைத்திருக்கிறார். வாசலில் தொடங்க வேண்டும், சுவரோடு சுவராகப் போய் மறுபடி வாசலுக்கே வர வேண்டும். "படிக்கிற புள்ளையோட கண்ணு நடக்கணும்மா, தாவக் கூடாது. தாவுச்சுன்னா புள்ள தொலைஞ்சு போயிடும்" என்பார். பூங்கா, சந்தை, ரயில் நிலையம் எல்லாம் அவர் மனத்தில் கட்டியவை. 'எங்கள் வீடு' என்ற பத்தி மட்டும் அப்படி இல்லை என்பது எனக்கு வெகு நாள் தெரியாது.

ஒரு முறை அவர் காய்ச்சலில் கிடந்தபோது அச்சுப்படியைக் கொடுக்க வீட்டுக்குப் போனேன். கதவு திறந்ததும் எனக்குத் திக்கென்றது. வாசலுக்குப் பக்கத்தில் நாற்காலி, நாற்காலிக்குப் பின்னால் செருப்பு அலமாரி, அதன் மேல் குடை. நான் வரைந்த வீடு. கை கழுவும் இடத்துக்கு யாரையும் கேட்காமல் நேராகப் போய்விட்டேன். அவர் மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, உள்ளே ஓர் அறையைத் திறந்து காட்டினார். இடப்புறம் ஜன்னல், அதன் கீழே படிப்பு மேஜை. வலப்புறம் வெறும் சுவர், அதை ஒட்டிக் கட்டில். மகளின் அறை. கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் கிடையாது.

மகள் தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு மாப்பிள்ளையோடு வந்து நின்ற அன்று, கதவில் கையை வைத்து மறித்து, "இனிமே உனக்கு எடம் வெளியதான்" என்று சொன்னவர் இவர். அவள் போனவள் போனவள்தான். ஒரு பெண் குழந்தை பிறந்ததும், அது பள்ளிக்கூடம் போவதும் உறவுக்காரர்கள் வாய்வழியாகத்தான் வந்து சேர்ந்தன. அந்தப் பேத்தி முதல் வகுப்பில் சேர்ந்த வருடம், முதல் வகுப்பு நூலில் 'எங்கள் வீடு' வந்தது. 'இது கதவு. கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி.' மறு வருடம் வீடும் இரண்டாம் வகுப்புக்குப் போனது. வாக்கியங்கள் கொஞ்சம் நீண்டன, சமையலறை சேர்ந்தது. பேத்தி கண்ணால் பார்த்திராத வீட்டை இப்படித் திறந்து காட்டிக்கொண்டிருந்தார்.

"'வாம்மா'ன்னு ஒத்த வார்த்தை சொல்லி அனுப்பத் துப்பில்ல" என்றார் மனைவி. "நாற்காலி எங்க, அலமாரி எங்கன்னு ஊருக்கெல்லாம் எழுதுறாரு. அந்தப் புள்ள படிக்கிற பள்ளிக்கூடத்துல இந்தப் புத்தகம்தானான்னு யாரு கண்டா?"

அடுத்த அறையில் போர்த்திப் படுத்திருந்தவருக்கு அது கேட்டுவிட்டது. "வீட்டுப்பாடம் சொல்லிக் குடுக்க எம்பொண்ணுதானே உக்காருவா? பாத்த ஒடனே தெரிஞ்சுக்குவா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். மன்னிப்புக் கேட்க இப்படியும் ஒரு வழி உண்டா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. பரிதாபம் அப்புறம்தான் வந்தது.

பேத்தி மூன்றாம் வகுப்புக்குப் போன இந்த வருடம்தான் பத்தியில் மகளின் அறைக்கு வந்தார். அப்படி ஒரு பத்தியை அவர் அதற்கு முன் எழுதியதில்லை. வாசலிலிருந்து ஜன்னலுக்கு, ஜன்னலிலிருந்து மேஜைக்கு, கண் ஓர் இடத்திலும் தடுக்காமல் நடக்கும். அறையைப் பார்த்திருந்ததால் என் படமும் நன்றாக அமைந்தது.

நூல் அச்சாகி வந்த அன்று அவர் பக்கத்தைத் திறந்தார். ஜன்னல் வலப்புறம் இருந்தது. மேஜையும் வலப்புறம். கட்டில் இடப்புறம். என் படத்தையும் அப்படியே கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பியிருந்தார்கள்.

"வருஷா வருஷம் ஒரே வீடு சார்" என்றார் மேலாளர். "பசங்க போன வகுப்பு விடையையே எழுதிட்டுப் போறாங்கன்னு பள்ளிக்கூடங்கள்லேர்ந்து புகார். அதான் வீடு முழுக்க இடதை வலதாக்கிட்டோம். அர்த்தம் ஒண்ணும் கெடலையே?"

"மாத்தியிருக்கக் கூடாதுங்க. அந்த அறை அப்படி இல்ல."

"எந்த அறை சார்?"

மேலாளர் தெரியாமல்தான் கேட்டார். இடவலம் நூலை மூடி வைத்தார். புத்தகக் கட்டுகளெல்லாம் ஏற்கெனவே வண்டியேறிப் போயிருந்தன. மேலாளர் நல்ல மனிதர், சொன்ன காரணமும் நியாயமானது. கோபப்பட ஓர் ஆள்கூடக் கிடைக்காத ஆற்றாமை எனக்கே தாங்கவில்லை, அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தேன். மகளின் அறையில் சாமான்கள் தாறுமாறாகக் கிடந்தன. அவர் கட்டிலைத் தள்ளிக்கொண்டிருந்தார். மனைவி நிலைப்படியில் சாய்ந்து நின்றிருந்தார்.

"புத்தகத்துல இருக்கிற மாதிரி மாத்துறாராம். நீயாவது சொல்லு."

"மக பழசைத் தெரிஞ்சவ, எப்படியும் சமாளிச்சுக்குவா" என்றார் அவர், மூச்சு வாங்க. "புள்ளைக்குப் புத்தகம் மட்டும்தானம்மா தெரியும். வந்து நின்னு, தாத்தா பொய் எழுதியிருக்காருன்னு நெனைச்சிடக் கூடாதில்ல?"

"வருவாங்களா சார்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

அவர் கட்டிலை இன்னொரு தள்ளு தள்ளினார். அது இடப்புறம் போய், ஜன்னலுக்குக் கீழே நின்றது. நடுவில் கிடந்த மேஜையை வலப்புறம் நகர்த்த நானும் ஒரு முனையைப் பிடித்தேன். அது வெறும் சுவரில் போய் முட்டி நின்றது. அதற்கு மேல் ஜன்னல் இல்லை. யாராலும் அங்கே ஜன்னல் வைக்க முடியாது. அவர் அந்தச் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பிறகு அவர் ஜன்னலின் திரைச்சீலையைக் கழற்றிக்கொண்டு வந்தார். மேஜை மேல் ஏறி, வெறும் சுவரில் ஆணி அடித்து, கயிறு கட்டி, அதை மாட்டினார். இறங்கி, இரண்டு பாதியையும் நடுவில் இழுத்து, சுவர் தெரியாதபடி மூடினார்.